கணக்குக்கு வைத்த முட்டை

பத்தொன்பதாம் நாள் காலையில், பெட்டிக்குள்ளிருந்து முதலில் குரல் கொடுத்தது குரல் கொடுக்கவே முடியாத முட்டை.

பிரபா அப்போது சட்னிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சமையலறைக்கும் குஞ்சு பொரிக்கும் பெட்டி இருந்த உள்ளறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டி, மெல்லிசாக, ஊசி நுழைகிற மாதிரி ஒரு ‘கீச்’ வந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓட்டை உடைப்பதற்கு ஒரு நாள் முன்னாலேயே குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து கத்தத் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்துக்காகத்தான் பதினெட்டு நாளும் அந்தத் தெர்மகோல் பெட்டியின் சூட்டையும் ஈரத்தையும் வேளை தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியில் பதித்திருந்த கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் இருபத்திரண்டு பழுப்பு முட்டைகள் அசையாமல் கிடந்தன. ஓரத்தில் கிடந்த ஒரே ஒரு வெள்ளை முட்டை மட்டும் லேசாக ஆடி, நின்றது.

அது பண்ணை முட்டை. ஆம்லெட் போடுகிற முட்டை. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லிவிடலாம். பண்ணைக் கொட்டகைகளில் கூண்டு கூண்டாக ஆயிரக்கணக்கில் பெட்டைகள் நிற்கும். சேவல் என்பது மருந்துக்கும் கிடையாது. சேவல் சேராத முட்டையில் கரு ஏது? இருபத்தொரு நாள் என்ன, இருபத்தொரு வருடம் சூட்டில் வைத்தாலும் அது கூமுட்டைதான்.

பின்னே அதை ஏன் வைத்தாள் என்றால், எண்ணிக்கைக்காக. இந்தப் பக்கத்தில் அடை வைத்தால் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து. இரட்டைப்படையில் வைத்த அடை விளங்காது என்பார்கள். சேந்தமங்கலத்தில் இருக்கும் நாத்தனார், வாளியில் தவிட்டுக்குள் பொதிந்து கொடுத்த நாட்டுக்கோழி முட்டைகள் இருபத்து மூன்று. பஸ் மாறி மாறி மல்லசமுத்திரம் வந்து சேர்வதற்குள் ஒன்று விரிசல் விட்டுவிட்டது. பிரபா டிப்ளமோ படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாமலே செய்கிறவள். மின்சாரத்தில் ஓடுகிற பெட்டிக்குள் இடிக்குப் பயந்து ஓர் ஆணியும் கரித்துண்டும் நாலு வரமிளகாயும் போட்டு வைத்தவளுக்கு எண்ணிக்கையில் மட்டும் துணிச்சல் வந்துவிடுமா? பக்கத்துக் காட்டில் குடியிருக்கும் சௌந்திரம் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறவள். அவளிடம் ஒரு முட்டை கேட்டு வாங்கி, கணக்கை இருபத்து மூன்றாக்கிவிட்டாள்.

அதுகூடப் பெரிதில்லை. முந்தின நாள்தான் செல்போன் டார்ச்சின்மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்து உள்ளே பார்த்திருந்தாள். நாட்டு முட்டைகளில் குஞ்சு நிறைந்து, உச்சியில் காற்றிடம் தவிர மற்றதெல்லாம் இருட்டாக இருந்தது. வெள்ளை முட்டை எரிகிற பல்பு மாதிரி முழுசும் வெளிச்சம் விட்டது. உள்ளே நரம்பு இல்லை, புள்ளி இல்லை, நிழல் இல்லை. அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பழைய இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

இப்போது அது மறுபடியும் கத்தியது. பிரபாவுக்கு முன்னாலேயே மகள் கனிஷ்கா அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். தெர்மகோல் சுவரில் உள்ளங்கையை ஒட்டவைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கனிஷ்காவுக்காகத்தான் இந்தப் பெட்டியே. அவளுக்கு நாலரை வயது. ஓடுவாள், மரமேறுவாள், அம்மாவின் செல்போனில் வேண்டியதைத் தானே தேடி எடுப்பாள், தாகம் எடுத்தால் கட்டைவிரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். சிரித்தால் வீடு அதிரும். விழுந்தால் அழுகிற அழுகை ரோட்டுக்குக் கேட்கும். காதில் ஒரு கோளாறும் இல்லை என்று சேலத்தில் இரண்டு இடத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பேச்சு மட்டும் வரவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு ‘அம்மா’, இந்த நாலரை வருடத்தில் வரவில்லை. பேச்சுப் பயிற்சி டீச்சர், கூப்பிடத் தோன்றுகிற மாதிரி உயிருள்ளது எதையாவது பக்கத்தில் வையுங்கள் என்றார். ஆடி மாதம் முதல் தடவையாகக் குஞ்சு பொரித்தபோது, அவற்றின் கீச்சொலிக்குக் கனிஷ்காவின் உதடு குவிந்ததைப் பிரபா பார்த்தாள். சத்தம் வரவில்லை, உதடுதான் குவிந்தது. அது போதும் அவளுக்கு. அன்றிரவு சந்தோஷத்தில் அழுதாள்.

கணவன் தனபால் போர்வெல் ரிக் லாரியில் டிரைவர். வடக்கே சத்தீஸ்கர் பக்கம் காட்டுக்குள் துளை போட்டுக்கொண்டிருந்தான். தினமும் சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குப் போன் வரும். “ஏதாச்சும் சொன்னாளா?” என்பான். “இல்லீங்க” என்பாள். “செரி உடு, சொல்லுவா” என்பான். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா, மழை உண்டா என்கிற பேச்செல்லாம். ஒன்றரை வருடமாக ஒரு நாளும் அந்த முதல் கேள்வி மாறியதில்லை.

ஆடியில் பொரித்ததில் நாலு குஞ்சுகள் ஓட்டில் துளை போட்டுவிட்டு வெளியே வர முடியாமல் திணறின. பிரபா அவற்றை விட்டுவிடவில்லை. வெந்நீரில் பஞ்சை நனைத்து, காய்ந்த தோலை ஊறவைத்து, துளித்துளியாக ஓட்டை எடுத்து மூன்றைக் காப்பாற்றினாள். சௌந்திரத்துக்கு அது பிடிக்கவில்லை. தானாக வராததை இழுத்து எடுத்தால் தேறாது என்பது அவள் கட்சி. “அதது பொழைக்கோணும்னு இருந்தா அதுவே வந்துரும்ங்கக்கா” என்றாள். கனிஷ்கா ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. பதினாறு மணி நேரம் வலித்தும் வராமல், கடைசியில் தலையைப் பிடித்து இழுத்தார்கள். சௌந்திரம் அதை நினைத்துச் சொல்லவில்லைதான். பிரபாவுக்கு அந்தப் பேச்சு உள்ளே எங்கேயோ தைத்து, ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று மதியம் பண்ணையிலிருந்து திரும்பும் வழியில் சௌந்திரத்தைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். சௌந்திரம் சிரித்தாள்.

“ஏனுங்கக்கா, சொப்பனம் கிப்பனம் கண்டீங்களா? பண்ணை முட்டைல எங்கிருந்துங்க குஞ்சு வரும்? பக்கத்து முட்டை கத்துறது உங்களுக்கு இதுல கத்துறாப்பல தெரியுது.”

“நீயே காத வெச்சுக் கேளு புள்ள.”

மூடியைத் திறக்கக்கூடாத நாள் அது. திறந்தால் ஈரம் போய்விடும். இருந்தும் பிரபா ஒரு பக்கமாகத் தூக்கி, வெள்ளை முட்டையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். சௌந்திரம் சிரித்த முகத்தோடு அதைக் காதில் வைத்தாள். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு முட்டையை அவசரமாகப் பிரபாவின் கையில் திணித்து, முந்தானையால் காதைத் துடைத்தாள். ஒரு தடவை துடைத்து, போதாமல் மறுபடியும் துடைத்தாள்.

“இது குஞ்சு கத்துறதில்லீங்கக்கா” என்றாள். “குஞ்சாட்டம் கத்திப் பழகுறாப்பல இருக்குது.”

“என்ன சொல்ற நீ?”

“எடுத்து வெளிய வீசிப்போடுங்க. நாம் போவோணும், ஆடு கத்துது.”

ஆடு எதுவும் கத்தவில்லை. சௌந்திரம் செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டு வழியாக நடந்து போனதைப் பிரபா வாசலில் நின்று பார்த்தாள். கையில் முட்டை கதகதப்பாக இருந்தது. உயிர் இருப்பதை எப்படி வீசுவது? கத்துகிற ஒன்றைக் குப்பையில் போடுகிற மனசு தனக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கனிஷ்கா பெட்டியின் மேல் விரலால் இரண்டு தடவை தட்டினாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. மூன்று தட்டினாள். மூன்று வந்தது. கனிஷ்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், பிரபாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கேட்டதற்குப் பதில் என்று ஒன்றைப் பிள்ளை முதன்முதலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா? தட்டுவது கோழியாக இருந்தால் என்ன, குரங்காக இருந்தால் என்ன. மறுநாள் முழுக்க அந்த விளையாட்டுத்தான். பிள்ளை சோற்றுக்கு எழுந்து வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே ஊட்டினாள். ஐந்து தட்டினாள், ஐந்து வந்தது. மத்தியானத்துக்கு மேல் கனிஷ்கா ஒன்றுமே தட்டாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தபோது, முட்டையிலிருந்து தானாக இரண்டு தட்டு வந்தது. கனிஷ்காவின் விரல் எழுந்து இரண்டு தட்டு தட்டியது. பதில் சொல்வது யார் என்பது மாறிப் போயிருந்தது. பிரபா அதைக் கவனித்தாள். கவனித்ததும் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

இருபத்தொன்றாம் நாள் விடியும்போது வானம் இறங்கி வந்து தென்னை மட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ஐப்பசி மூட்டம். காற்று மேற்கிலிருந்து ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடையையும், கூடவே பண்ணை எருவின் காரத்தையும் கொண்டுவந்து வீட்டுக்குள் விட்டது. பிரபா எழுந்து உள்ளறைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் குஞ்சுகள். கறுப்பும் செம்பழுப்பும் சாம்பலுமாக, ரோமம் காய்ந்தும் காயாமலும், எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டும் வந்திருந்தன. ஒன்றுகூடத் திணறவில்லை, ஒன்றுகூடத் தவறவில்லை. இப்படி ஒரு பொரிப்பு யாருக்கும் வாய்த்ததில்லை. அவளுக்குக் கை தட்டத் தோன்றியது.

அப்போதுதான் உறைத்தது. அறை நிசப்தமாக இருந்தது.

இருபத்திரண்டு குஞ்சுகள் ஒரு பெட்டிக்குள் இருந்தால் காது கிழிய வேண்டும். இவை எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சுவரோடு சுவராக அப்பிக்கொண்டு நின்றன. எதிர்மூலையில் வெள்ளை முட்டை. எல்லாக் குஞ்சுகளின் அலகும் திறந்து திறந்து மூடியது. தொண்டை துடித்தது. கத்துகின்றன, ஆனால் கத்தல் வரவில்லை. டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பதுபோல இருந்தது. பிரபா ஒன்றை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். சூடான சின்ன மூச்சு காதில் பட்டது. அது மட்டும்தான் பட்டது.

முட்டையிலிருந்து ‘கீச் கீச்’ என்று கேட்டது. ஒரு குஞ்சின் குரல் இல்லை. ஒரு பெட்டி நிறையக் குஞ்சுகளின் குரல்.

மூடியைச் சாத்திவிட்டு, கனிஷ்காவைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்துவிட்டாள். பயந்துபோனாள் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை, பயந்துதான் போனாள். சௌந்திரத்துக்கு மூன்று தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே முட்டையைக் கொண்டுபோய் ஓடையில் போட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். குஞ்சுகளை வேறு கூடையில் மாற்றிக்கொள்ளலாம். தீர்மானித்த பிறகு கொஞ்சம் தெளிந்தது. உப்புமா கிண்டினாள். பிள்ளைக்குத் தலை சீவிவிட்டாள். உள்ளறைக் கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

மூன்றரை மணி இருக்கும். தூறல் நின்று தரை வழுவழுவென்று கிடந்தது. கனிஷ்கா வாசலில் ஓடிவந்தவள் வழுக்கி, சிமெண்டுப் படியின் முனையில் முழங்கால் அடிபட விழுந்தாள். பிரபா ஓடிப்போய்த் தூக்கினாள். தோல் பிய்ந்து ரத்தம் வழிந்தது. பிள்ளை முகம் சிவந்து, கண்ணீர் கொட்ட, வாயை முழுசாகத் திறந்து அழுதாள்.

சத்தம் வரவில்லை.

ரோட்டுக்குக் கேட்கிற அழுகை. எதிர்க்காட்டில் களை எடுக்கிறவர்கள் “ஏனாச்சுங்க?” என்று குரல் கொடுக்கிற அழுகை. பிரபா பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சுகூடச் சூடாக வெளியே வந்தது. அதில் ஒரு முனகல்கூட இல்லை.

வீட்டுக்குள், சாத்திய கதவுக்குப் பின்னால், கனிஷ்கா அழுதாள்.

அது அவள் அழுகைதான். பெற்றவளுக்குத் தெரியாதா? மூச்சு முட்டும்போது நடுவில் ஒரு விக்கல் விழும். அந்த விக்கலும் இருந்தது. மடியில் பிள்ளை வாய் திறக்கும்போதெல்லாம் உள்ளறையில் அழுகை எழுந்தது. வாய் மூடியபோது நின்றது. பிரபா பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஓடைக்குப் போவது என்ற நினைப்பு அவளிடம் அப்போது இல்லை. இனி அதை வீசினால், வீசுவது எதை?

ஆறு மணிக்குப் போன் வந்தது. மூட்டத்தில் அதற்குள் வெளிச்சம் போய்விட்டிருந்தது. கனிஷ்காவை மடியில் வைத்து, கூடத்து விளக்கின் கீழே உட்கார்ந்து, போனை எடுத்தாள். தனபாலின் குரலுக்குப் பின்னால் ரிக்கின் இரைச்சல்.

“ஏ பிரபா, ஏதாச்சும் சொன்னாளா?”

“ஏனுங்க...” என்று தொடங்கினாள்.

“அம்மா.”

தெளிவாக வந்தது. பிள்ளைக் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கூச்சம். ஒரு வார்த்தையை முதன்முதலாக வாயில் வைத்துப் பார்க்கிற குரல். மடியில் கனிஷ்கா வாயை இறுக மூடிக்கொண்டு அம்மாவின் தாலிக்கொடியைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு அது?” என்றான் தனபால். “பிரபா... பாப்பாவா?”

“அம்மா. அம்மா.”

“ஐயோ சாமி! சொல்லீட்டா! டேய், எம் புள்ள பேசீருச்சுடா!” ரிக்கின் இரைச்சல் சட்டென்று அணைந்தது. யாரோ விசிலடித்தார்கள், யாரோ கை தட்டினார்கள். தனபால் அழுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அழுது அவள் கேட்டதே இல்லை. “இன்னொருக்காச் சொல்லச் சொல்லு புள்ள. கண்ணு, அப்பா பேசறேன். அப்பா சொல்லு சாமி.”

“அப்பா” என்றது உள்ளறை.

“நீ ஏன் புள்ள ஒண்ணும் பேசமாட்டீங்கற? அழுவுறியா? அழுவாத. நாளைக்கே வண்டி ஏறீர்றேன். ஏனு, கேக்குதா? நாளைக்கே வாரேன்.”

கேட்கிறது என்றாளா, சொல்லவில்லையா, பிரபாவுக்கு நினைவில்லை. காட்டுக்குள் சிக்னல் போய், பேச்சு தானாகவே அறுந்தது.

அவள் எழுந்தாள். அவள் மனசு ஒரே ஒரு இடத்தில் நின்றது. என் பிள்ளையின் குரல் அதற்குள் இருக்கிறது. இருக்கிறது என்றால் எடுக்க முடியும். திணறுகிற எத்தனை குஞ்சுகளை இந்தக் கை எடுத்திருக்கிறது. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினாள், பஞ்சு எடுத்தாள், புருவம் திருத்துகிற இடுக்கியைக் கொதிநீரில் கழுவினாள். கனிஷ்காவைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை விலக்கினாள். தனியாக விட்டுவிட்டுப் போகப் பயம்.

உள்ளறையில் அடைபட்ட சூடு. நனைந்த ரோமத்தின் வாடை, வரமிளகாயின் நெடி. அதற்குக் கீழே வேறொரு வாடை, பிறந்த குழந்தையின் உச்சந்தலையில் இருக்குமே அது. மூடியைத் திறந்தாள். குஞ்சுகள் மூலையில் இன்னும் நெருங்கிக்கொண்டன. வெள்ளை முட்டையின் பக்கவாட்டில், கடுகளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தது.

“அம்மா.”

“இருடா சாமி” என்றாள் பிரபா. தான் யாரிடம் சொன்னோம் என்று யோசித்து நிற்கவில்லை. “வாரேன் இரு.”

கனிஷ்காவைப் பின்னால் பாயில் உட்காரவைத்துவிட்டு, முட்டையை மடியில் துணிமேல் வைத்துக்கொண்டாள். வேலை தெரிந்த கை. ஓட்டை எடுத்தபின் உள்தோலை ஈரம் பண்ணிப் பார்க்க வேண்டும். நரம்பு சிவப்பாகத் தெரிந்தால் குஞ்சு இன்னும் அந்த ரத்தத்தை உள்ளே இழுத்து முடிக்கவில்லை என்று பொருள். அப்போது தொடவே கூடாது. தொட்டால் ரத்தம் போய்ச் செத்துவிடும். துளையின் விளிம்பில் இடுக்கியை வைத்து முதல் துண்டை எடுத்தாள். பஞ்சால் தொட்டாள். தோல் வெள்ளையாக இருந்தது. நரம்பு இல்லை. இன்னொரு துண்டு எடுத்தாள். நரம்பு இல்லை.

பின்னால் கனிஷ்காவிடமிருந்து ஒரு சிறு சத்தம். திரும்பவில்லை.

“அம்மா” என்றது முட்டை. குரல் தேய்ந்திருந்தது. கிணற்றுக்குள் இறங்குகிறவன் குரல் மாதிரி.

“இதோ. இதோ.”

துண்டு. இன்னொரு துண்டு. உச்சி முழுக்க எடுத்தாயிற்று. பக்கம் எடுத்தாயிற்று. எங்கேயும் நரம்பு இல்லை. தோலுக்குக் கீழே அசைவு இல்லை, கனம் இல்லை. ஓடு போகப் போக முட்டை லேசாகிக்கொண்டே வந்தது.

“ம்மா.”

இடுக்கியால் தோலைக் கிழித்தாள்.

ஒன்றும் இல்லை.

விரலை விட்டாள். உலர்ந்து கிடந்தது. சுத்தமாக, கழுவித் துடைத்த கிண்ணம் மாதிரி. மஞ்சள் கரு இல்லை, நீர் இல்லை, அழுகல் இல்லை. தோல் அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இடுக்கி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

குரல் நின்றுவிட்டது.

“கண்ணு?” என்றாள் முட்டையைப் பார்த்து. “சாமி? தங்கம்?”

மழை இல்லை. காற்று இல்லை. பெட்டியின் சின்ன விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குஞ்சுகளைப் பார்த்தாள். அவை மூலையை விட்டு நகர்ந்திருந்தன. முட்டை கிடந்த இடத்தை மிதித்துக்கொண்டு எதிர்ப்பக்கச் சுவருக்கு வந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு அலகும் திறந்திருந்தது. அவை பார்த்தது அவள் கையில் இருந்த முட்டையோட்டை இல்லை. அவள் தோளுக்குப் பின்னால்.

டொக்.

பிரபா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

டொக். டொக்.

பதிலுக்குத் தட்டச் சொல்கிற தட்டு. இரண்டு.

திரும்பினாள்.

பாயில் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். முழங்காலை மார்போடு மடக்கி, தலையை வலது கைக்கு அடியில் சொருகி, உருண்டையாக. முதுகு விட்டுவிட்டுத் துடித்தது. பிரபா மண்டியிட்டு ஊர்ந்து போய், அந்தத் தலையைத் தொட்டு, மெல்ல நிமிர்த்தினாள். பிள்ளையின் கண்கள் அவளைப் பார்த்தன. அவள் பிள்ளையின் கண்கள்தான். பயந்திருந்தன. அம்மா இருக்கிறாள் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது.

“ஏனு சாமி? எங்க வலிக்குது? அம்மாகிட்டக் காட்டு.”

கனிஷ்கா வாயைத் திறந்தாள்.

பால்பற்களுக்குப் பின்னால் நாக்கு தெரியவில்லை. தொண்டை தெரியவில்லை. பல்வரிசை முடிகிற இடத்தில், இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக, ஈரமான வெள்ளைத் தோல் ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. அதில் மெல்லிய நரம்புகள் கிளை கிளையாக ஓடின. சிவப்பாக. நாடி அடிக்க அடிக்க அவை துடித்தன. நடுவில் கடுகளவு துளை. துளைக்குப் பின்னால் ஏதோ நகர்ந்து, நின்று, தோலை முட்டியது.

டொக்.

“அம்மா” என்றது உள்ளே. பக்கத்தில். மூச்சுப் படுகிற தூரத்தில். நாலரை வருடமாக அவள் காத்திருந்த குரல். மூச்சுத் திணறியது அதற்கு. “அம்மா. எடு.”

கனிஷ்கா கையை நீட்டினாள். தரையில் கிடந்த இடுக்கியைத் தடவி எடுத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டாள். பிறகு, பல் தேய்த்துவிடும்போது காட்டுகிற மாதிரி, தலையைப் பின்னால் சாய்த்து, இன்னும் நன்றாக வாயைத் திறந்தாள்.